ஒரு சொம்பு காஸ்டிக்

புஷ்பமேரிக்கு வந்த ஆத்திரத்துக்கு, புருஷன் அருளானந்தத்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பாள். மகள் ஃபாத்திமா வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அருளானந்தத்துக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் கிடையாது. பள்ளிக்கூடத்து வேதியியல் லேபில் பாட்டில் கழுவுகிற வேலை பார்த்துக்கொண்டே வாத்தியார் சொன்னதையெல்லாம் காதில் போட்டு வைத்திருந்தார். லீவு நாளில் குருசுக்குப்பத்து வீட்டில் சோப்பும் காய்ச்சுவார். இன்று காலையும் அதற்காகக் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து வாளியில் ஆற வைத்திருந்தார்.

கக்கூஸ் கழுவப்போன ஃபாத்திமாவின் கை தவறி ஆசிட் பாட்டில் அவள் கால்மேல் கவிழ்ந்தது. புஷ்பமேரி ஓடிப்போய் மகளைக் குழாயடியில் உட்கார வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். எரிச்சல் குறைகிறது என்று பெண்ணும் சொன்னாள். அதற்குள் புருஷ மகராசன் வந்து சேர்ந்தார்.

“வெறும் தண்ணி இன்னா பண்ணும்? ஆசிட்டுக்குக் காஸ்டிக் மாதிரி காரம் ஊத்துனாதான் முறியும். ரெண்டும் சேந்தா உப்பும் தண்ணியுமா ஆயிடும், அவ்ளோதான்” என்று குழாயை மூடினார்.

புஷ்பமேரி வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். அவளைத் தள்ளிவிட்டு வாளியில் ஒரு சொம்பு மொண்டு காலில் ஊற்றினார். ஃபாத்திமா போட்ட அலறலில் எதிர்வீட்டுக்காரர்கள் சோற்றுக்கையோடு ஓடிவந்தார்கள்.

“ஆசிட் கொட்டுனதும் என்ன பண்ணீங்க?” என்று டாக்டரம்மா கேட்டாள்.

“தண்ணி ஊத்துனோம்” என்றார் அருளானந்தம்.

கூசாமல் சொன்னார். பெற்ற பெண்ணின் கால் வெந்துகிடக்கிறது, இந்த மனுஷனுக்குத் தன் மானம்தான் பெரிதாகப் போய்விட்டது. புஷ்பமேரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“பொய் சொல்றாரு டாக்டர். நான் ஊத்துன தண்ணிய நிறுத்திட்டு, சோப்புக்குக் கரைச்ச காஸ்டிக்க ஊத்துனாரு.”

டாக்டரம்மா உறையணிந்த விரலால் காலைத் தொட்டுப் பார்த்தாள். தோல் சோப்பு தேய்த்த மாதிரி வழவழவென்று இருந்தது.

“காஸ்டிக் இன்னும் உள்ள இறங்கிட்டிருக்கு. நீங்க சொல்லலன்னா மருந்து வச்சுக் கட்டியிருப்பேன்” என்றவள், நிறையத் தண்ணீர் கொண்டுவரும்படி நர்ஸை அவசரப்படுத்தினாள்.

“உப்பும் தண்ணியுந்தானே ஆவணும்...” என்று அருளானந்தம் இழுத்தார்.

“ஆச்சு. கூடவே சூடும் வந்துச்சு. ஆசிட்ட முறிச்சது போக மிச்சமிருக்கிற காஸ்டிக் இப்ப சதையைத் தின்னுது.”

“கேட்டுக்கோ” என்றாள் புஷ்பமேரி. அதுவரை அவரை ஒருமையில் பேசியதில்லை.

நர்ஸ் வாளியும் குவளையுமாக வந்தாள். அருளானந்தம் அவசரமாக முன்னால் வந்து குவளையை வாங்கித் தண்ணீர் மொண்டார். அவர் குனிந்ததும் ஃபாத்திமா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“அப்பா ஊத்த வேணாம்மா” என்றாள்.

புஷ்பமேரி அவர் கையிலிருந்து குவளையைப் பிடுங்கினாள்.