பென்ஷன் கட்டத்தில் ஒரு கோடு

முப்பத்தொரு வருடம் லிப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக்காக இருந்தவர் அவர். இருபது மாடி உயரத்தில், லிப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றபடியே ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் பன்னுமாகப் பசியாறக் கூடியவர் என்று கம்பெனியில் பெயர். பயம் என்றால் வீசை என்ன விலை என்று கேட்கிற ஆள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கையில் பணியாளர் பிரிவிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள்.

அங்கே இருந்த அதிகாரி அம்மாள் தன்மையானவர். ஒரு தாளை நீட்டி, விவரமெல்லாம் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறந்த தேதி சரி, வேலைக்குச் சேர்ந்த தேதி சரி. சேமநிதிக்கு நேரே இருந்த தொகை மட்டும் மெக்கானிக் நினைத்ததில் பாதிகூட இல்லை. அதற்குக் கீழே 'மாதப் பென்ஷன்' என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.

"இதுல தொகை போட விட்டுப்போச்சு மேடம்," என்றார்.

அம்மாள் எழுந்துபோய் ஒரு பழைய கோப்பை எடுத்து வந்தார். பத்தொன்பது வருடத்துக்கு முன்பு, வீட்டுக்கு முன்பணம் கட்டின சமயத்தில், மெக்கானிக் ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். பென்ஷன் கணக்கில் சேர்ந்ததை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், இனி மாதப் பென்ஷன் வேண்டாம் என்று அதில் பளிச்சென்று அச்சடித்திருந்தது. அன்றைக்கு அவர் அதைப் படிக்கவில்லை. கொஞ்சம் எடுக்கிறோம், மிச்சம் அதுபாட்டுக்கு வளரும் என்று நினைத்துவிட்டார். சேமநிதியிலும் மூன்று தடவை கைவைத்திருந்தார். மகள் படிப்புக்கு ஒரு தடவை, மேல்மாடி கட்ட ஒரு தடவை, அப்புறம் ஒரு கார். மூன்றே வருடத்தில் அந்தக் கார் பழைய இரும்பு விலைக்குப் போனது.

"கையெழுத்து உங்களோடதுதானே சார்?"

அவருடையதுதான். வால் சுழித்த அதே கையெழுத்து.

இப்போது செய்கிற மாதிரியே செலவு செய்தால் கைக்கு வருவது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார். அம்மாள் தயங்கித் தயங்கிக் கால்குலேட்டரைத் தட்டி, நாலரை வருடம் என்றார். அதுவும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருந்தால்.

படியிறங்கும்போது மெக்கானிக்குக் காலஞ்சென்ற அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா தொண்ணூற்றொரு வயது வரை பல் விழாமல் இருந்தவர். எங்கள் பரம்பரைக்கே கட்டை கெட்டி என்று மெக்கானிக் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அறுபதிலிருந்து தொண்ணூற்றொன்று வரை முப்பத்தொரு வருடம். வேலை பார்த்த காலம் முழுவதையும் மறுபடி ஒருமுறை, சம்பளமே இல்லாமல், வாழ்ந்து தீர்க்க வேண்டும். ஆயுள் கெட்டி என்ற நினைப்பு அன்றைக்கு முதல்தடவையாக அவரைப் பயமுறுத்தியது.

மனைவியிடம் அவர் மூச்சு விடவில்லை. அவள் மருந்துக்கடையில் கல்லாவில் உட்காருகிறவள். அவருக்குப் பென்ஷன் வந்துவிடும், எங்களுக்கென்ன குறை என்று அக்கம்பக்கத்தில் அவள் சொல்லிக்கொண்டிருப்பதை அவரே காதால் கேட்டிருக்கிறார். அவள் விளக்கை அணைக்க மறந்தாலும், தேங்காய்ப் பாதியைத் தூக்கிப் போட்டாலும் நெஞ்சு திடுக்கென்றது.

நாலாம் நாள் ஒரு பதினெட்டு மாடிக் கட்டடத்தில் வேலை. கூட்டாளி மேலே இயந்திர அறையில் இருந்தார். மெக்கானிக்கைவிட இரண்டே வயது இளையவர், தலை முழுக்க நரைத்தவர், என்றாலும் கம்பெனி முழுக்க அவருக்குப் பெயர் 'சின்னவர்'. மெக்கானிக் வழக்கம்போல லிப்ட் கூரைமேல் ஏறி, மெதுவாக இறக்கிக்கொண்டே கம்பிக்கயிறுகளைத் துணியால் துடைத்துப் பார்த்து வந்தார். பத்தாவது மாடியைத் தாண்டினதும் சுவருக்கும் பெட்டிக்கும் இடையிலிருந்த இருட்டு கண்ணில் பட்டது. ஆயிரம் தடவை பார்த்த இருட்டுதான். இங்கே விழுந்து கால் போனால் ஆஸ்பத்திரிச் செலவு யார் கொடுப்பார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. அவ்வளவுதான். நிறுத்துகிற பொத்தானை அழுத்திவிட்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வாக்கி-டாக்கியில் சின்னவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். உள்ளங்கை வியர்த்து, பிடித்த கம்பி வழுக்கியது.

அரைமணி நேரம் கழித்து சின்னவர் கதவைத் திறந்து, இடுப்பைப் பிடித்து, குழந்தையை இறக்குவதுபோல அவரை வெளியே எடுத்தார். மாடிப்படியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். மெக்கானிக் அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினார்.

சின்னவர் சிரித்தேவிட்டார். இதற்கா இத்தனை கலவரம் என்று கேட்டு, பையிலிருந்து ஒரு நிதிக் கம்பெனியின் பளபளப்பான பாரத்தை எடுத்தார். நூறு போட்டால் மாதம் மூன்று கைக்கு வருமாம், முதல் அப்படியே இருக்குமாம். தன் சேமிப்பை முழுக்க அங்கேதான் போட்டிருப்பதாகவும் நாலு மாதமாகத் தேதி தப்பாமல் வருவதாகவும் சொன்னார். மெக்கானிக் மனக்கணக்குப் போட்டார். வருகிற மொத்தத்தையும் அங்கே போட்டால் பென்ஷனைவிட அதிகமாகவே வரும். வீட்டுக்குத் தெரியவே வேண்டாம். கோடு போட்ட கட்டத்தில் அவரே ஒரு தொகையை எழுதிக்கொள்ளலாம். நாலு நாளில் அன்றைக்குத்தான் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

பாரத்தில் வாரிசின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. சாயங்காலம் அதை மேஜைமேல் வைத்து, ஏதோ ஆபீஸ் காகிதம் என்று மழுப்பலாகச் சொல்லிப் பேனாவை நீட்டினார். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் வெளுத்தது.

"இதுல எவ்வளவு போடப் போறீங்க?"

"வர்றது எல்லாத்தையும்."

"பென்ஷன்தான் வருமே. இது எதுக்கு?"

மறைக்க அவருக்குத் தெம்பில்லை. பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய கையெழுத்திலிருந்து லிப்ட் கூரைமேல் உட்கார்ந்தது வரை எல்லாம் சொன்னார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் எழுந்துபோய் அலமாரியில் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு உறையை எடுத்துவந்து அவர்முன் வைத்தாள். உள்ளே ரசீதுகள். கம்பெனிப் பெயர் வேறு, பாரம் அதே மாதிரி. அதே நூற்றுக்கு மூன்று.

"கடைக்கு வர்ற ஒருத்தர் சொன்னாருன்னு போட்டேங்க. பன்னெண்டு வருஷம் சேர்த்தது. ஏழு மாசம் ஒழுங்கா கொடுத்தாங்க. அப்புறம் ஒருநாள் போனா ஆபீஸ்ல பூட்டுத் தொங்குது. பதினோரு மாசம் ஆச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்க பென்ஷன் இருக்குன்னு தைரியமா இருந்தேன்."

உள்ளூர அவரும் அவள் சேமிப்பை நம்பித்தான் இருந்தார். எவ்வளவு என்று ஒருநாளும் கேட்டதில்லை, ஏதோ கணிசமாக இருக்கும் என்று ஒரு எண்ணம். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்த சுவர் இரண்டும் இல்லை என்று ஆனது. வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்ப, இருவரும் ஒருசேரத் திடுக்கிட்டார்கள்.

பிறகு அவள் அந்தப் பளபளப்பான பாரத்தை நாலாக மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வீட்டை விற்றால் என்ன வரும் என்று கேட்டாள்.

மறுநாள் அவள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, ரசீதுகளோடு நேரே லிப்ட் கம்பெனிப் பணிமனைக்கு வந்து சின்னவர் எதிரே நின்றாள். சின்னவர் முதலில் காதிலேயே வாங்கவில்லை. அண்ணி, உங்ககிட்ட பணம் வாங்கினவன் ஏமாத்துக்காரன், எங்கிட்ட வாங்கினவன் அப்படியில்லை என்றார். அவள் வாதாடவில்லை. மாதாமாதம் பணம் வந்த ரசீதுகளை ஒவ்வொன்றாக மேஜைமேல் பரப்பினாள். ஏழாவதோடு ரசீது தீர்ந்துபோனதைப் பார்த்ததும் சின்னவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அன்றே போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். இன்று வா, நாளை வா என்று இழுத்தடித்து மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள். மிச்சத்துக்கு அவர் இன்னும் நடக்கிறார். ஒரு மாதம் மெக்கானிக்கிடம் பேசாமல் இருந்தார். அப்புறம் பேசினார்.

மேல்மாடியோடு சேர்த்து வீட்டை விற்றார்கள். அழுக்கு நிறத்தில் இருந்த ஒரு இரண்டு அறை வீட்டுக்கு, மருந்துக்கடைக்குப் பின்தெருவில், குடிபோனார்கள். கல்லாவில் இன்னும் மூன்று வருடம் இருக்கிறேன் என்று அவள் முதலாளியிடம் கேட்டு வாங்கினாள். ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் ஒரு ஆஸ்பத்திரியில் லிப்ட் இயக்குகிற வேலையில் சேர்ந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து மாடி எண்ணைக் கேட்டுப் பொத்தானை அமுக்குகிற வேலை. முதல்நாள் வெட்கமாக இருந்தது. சம்பளத் தேதி வந்தபோது வெட்கம் போயிருந்தது. மகளிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னார்கள். அவள் அழுதாள், பிறகு மாதம் தன்னால் எவ்வளவு முடியும் என்று சொன்னாள். சரி, வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள்.

வீடு விற்ற பணமும் சேமநிதியும் வங்கிக்கு வந்த அன்று இருவரும் சேர்ந்தே போனார்கள். எல்லாவற்றையும் சாதாரண வைப்புநிதியில் போடச் சொன்னார்கள். இதைவிட லாபமான திட்டம் ஒன்று இருக்கிறது என்று மேலாளர் ஆரம்பித்தார். "வேண்டாம்," என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்ன வேகத்தில் அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். அவள் கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"எல்லாம் சேர்த்துப் பார்த்தா பதினேழு வருஷம் ஓடும்," என்றார் அவர். "எங்கப்பா கணக்குப்படி பதினாலு குறையுது."

"தெரியும். நானும் போட்டுப் பார்த்தேன்," என்றாள் அவள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.