பஞ்சுவின் மன்னிப்பு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், சொல்பவன் வாயில் மிச்சமிருக்கும் பற்களும் கொட்டிப் போகட்டும்.

தண்ணீர்க் கம்பெனியின் புகார்ப் பிரிவில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொழுதெல்லாம் மன்னிப்புக் கேட்பதுதான் அவள் வேலை. குரல் அவ்வளவு மெத்தென்றிருக்கும். அதனால் கூட வேலை செய்தவர்கள் அவளைப் பஞ்சு என்று கூப்பிட்டார்கள். குழாயைப் பிடுங்கிக்கொண்டு நேரில் வருவேன் என்று கத்திய ஒருவர், அவள் இரண்டு வாக்கியம் பேசியதும், "சளி பிடிச்ச மாதிரி இருக்கே, உடம்பப் பாத்துக்கம்மா" என்று வைத்துவிட்டார். இன்னொருவர் கேட்டபடியே தூங்கிப்போனார். அவருடைய குறட்டையைத் திருப்தியடைந்த வாடிக்கையாளர் கணக்கில் சேர்த்தார் மேலாளர்.

அந்த மேலாளர்தான் ஆசை காட்டினார்: தொழில்முறைத் தொடர்பியலில் முதுகலை முடித்தால் மேற்பார்வையாளர் நாற்காலி. ஹெட்போன் அழுத்தி அழுத்திக் காதுக்குப் பின்னால் புண் ஆறாமல் கிடந்த பஞ்சுவுக்கு அந்த நாற்காலியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படித்தாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே படித்தாள்.

"கோவக்காரங்கள சமாளிக்கிறதுக்கா பட்டம்? அப்ப எனக்கு டாக்டர் பட்டமே குடுக்கணும்டி" என்றான் கணவன்.

கடைசித் தேர்வுக்கு ஒரு மன்னிப்பைப் பேசிப் பதிந்து தரவேண்டும். வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தகரம் தட்டும் பட்டறை. அதனால் சாப்பாட்டு நேரத்தில், தன் இருக்கையிலேயே, கம்பெனிக் கருவியில் பதிந்தாள்.

"இங்க இருமுனாக்கூடக் கம்பெனிக்குத்தான் சொந்தம், பாத்துக்கடி" என்றாள் பக்கத்து இருக்கை அக்கா. பஞ்சு சிரித்தாள்.

மேலாளர் அதைக் கேட்டார். மேலிடமும் கேட்டது. அடுத்த வாரம் புகார் சொல்ல அழைத்தவர்களுக்கெல்லாம் அந்தப் பதிவே பதில் சொன்னது. அக்காவின் நாற்காலியையும் பஞ்சுவின் நாற்காலியையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வெளியே தூக்கிப் போனார்கள்.

கல்லூரியில் பேராசிரியை பதிவைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "இது தண்ணிக் கம்பெனிக் குரலாச்சே! எங்க வீட்லயே தெனம் கேக்கறோம்."

"என் குரல்தான் மேடம். பேசிக் காட்டட்டுமா?"

பேசினாள். அழுது அழுது கட்டியிருந்த தொண்டை கரகரத்தது.

"மிமிக்ரி நல்லாத்தான் பண்றீங்க" என்றார் பேராசிரியை. "இது உங்க குரல்தான்னு கம்பெனில எழுதி வாங்கிட்டு வந்துடுங்கம்மா. இல்லன்னா காப்பி அடிச்சதுன்னுதான் நான் போட வேண்டியிருக்கும்."

கம்பெனி வாசலில் காவலாளி கையை விரித்தார். "எதுன்னாலும் போன்ல பேசச் சொல்லியிருக்காங்கம்மா."

அவள் மதிலோரம் நின்று அழைத்தாள்.

"உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்" என்றது அவள் குரல். "உங்கள் இடத்தில் நாங்கள் இருந்தாலும் இப்படித்தான் தவித்திருப்போம். தயவுசெய்து காத்திருங்கள்."

வாய் நிறைய வைத்திருந்த வசவில் ஒன்றும் வெளியே வரவில்லை.

"பரவாயில்லைங்க" என்றாள் பஞ்சு. காத்திருந்தாள்.

அந்தக் குரலைக் கேட்ட எவருக்கும் கோபம் தங்கவில்லை என்பது சத்தியம். அவர்களில் எவர் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வரவில்லை.