பாதி லோடு

ரயிலுக்குத் தூறலைப் போல் துரோகி வேறு கிடையாது. கொட்டித் தீர்க்கிற மழை தண்டவாளத்தைக் கழுவிவிட்டுப் போய்விடும். அதில் எந்த எஞ்சினும் ஏறும். இந்தப் பிசுபிசுத் தூறல்தான் தூசியையும் உதிர்ந்த இலையையும் குழைத்து, இரும்பின் மேல் எண்ணெய் தடவியதுபோல ஆக்கிவிடும். அன்றைக்குக் காலையிலிருந்து அப்படித்தான் தூறிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக்கல் லோடு, செங்குத்தான மலை ஏற்றம். பின்னாலிருந்து தள்ள இன்னொரு எஞ்சின் கேட்டதற்கு, இல்லை, இருப்பதை வைத்து ஏறுங்கள் என்று பதில் வந்தது. உத்தரவு போடுகிறவனுக்கு என்ன, அவன் நாற்காலியா வழுக்கப் போகிறது?

நான் கார்டு. வண்டியின் வாலில், பிரேக் வேனில் உட்கார்ந்திருப்பவன். முன்னால் எஞ்சினில் இருந்த டிரைவர் எனக்கு உறவில்லை, ஆனால் பழகிய பழக்கத்தில் அண்ணன். லைனில் எல்லோரும் அவரை ஆமை என்பார்கள். மெதுவாகப் போவார், போய்ச் சேர்ந்துவிடுவார். அன்றைக்கு அவருக்கு அசிஸ்டெண்டாக வந்தது அவருடைய சொந்த மாப்பிள்ளை. டியூட்டி போடுகிற குமாஸ்தாவுக்கு அந்த உறவும் தெரியாது, அதில் விழுந்திருந்த விரிசலும் தெரியாது.

பிரேக் வேனில் என்னோடு ஆமையின் மகள் இருந்தாள். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று பிறந்த வீட்டுக்கு வந்தவள். வாரம் மாதமாகி, மாதம் வருஷமாகப் போகிறது. புருஷன் கூப்பிட வரவில்லை. போன் போட்டால் ‘பாக்கலாம்’ என்பான். சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் பஞ்சாயத்தாவது பண்ணியிருக்கலாம்.

மாப்பிள்ளையின் குவார்ட்டர்ஸ் மலை உச்சி ஸ்டேஷனை ஒட்டி இருந்தது. டியூட்டி லிஸ்டில் பெயரைப் பார்த்ததும் ஆமை ஒரு திட்டம் போட்டார். வழியெல்லாம் அவர் மாப்பிள்ளையிடம் பேசி மனதை இளக்கிவிடுவார். மேலே வண்டி நின்றதும் மகள் பிரேக் வேனிலிருந்து இறங்கிப் போய் எதிரில் நிற்பாள். நேரில் வந்து நிற்கிற பெண்டாட்டியை எவன் வேண்டாம் என்பான்? கூட்ஸ் வண்டியில் ஆளை ஏற்றக்கூடாது. மாட்டினால் என் வேலைக்கு உலை. ‘ஒரு பொண்ணு வாழ்க்கைடா’ என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் ஒரு பையும் ஒரு தலையணையும் கொண்டுவந்திருந்தாள்.

“அங்க இருக்கிற தலாணி கல்லு மாதிரி இருக்கும் சித்தப்பா. அவருக்கு அதான் பிடிக்கும். நான் மாத்தச் சொல்லிச் சொல்லி அதுவே ஒரு பேச்சாயிடுச்சு. இந்தத் தடவை எனக்கு வேண்டியதை நானே எடுத்துட்டு வந்துட்டேன்.”

“நல்லதும்மா.”

“இனிமே அவரை எதுவும் கேக்க மாட்டேன். டிவி பாத்தா பாக்கட்டும், பேசாம இருந்தா இருக்கட்டும்.”

சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஏற்றத்தில் பாதி தூரம் வந்ததும் வண்டி நடைவேகத்துக்கு இறங்கியது. எஞ்சின் உறுமுகிற சத்தம் வளைவைத் தாண்டி என் காதுக்கு எட்டியது. சத்தம் ஏறியதே தவிர வேகம் ஏறவில்லை. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றினால் அப்படித்தான் கேட்கும். வேகன் வேகனாக ஒரு குலுக்கல் பின்னால் வந்து, என் பெட்டியை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு ஓய்ந்தது.

“வழுக்கிடுச்சுடா. நின்னுட்டோம்” என்றார் ஆமை வாக்கி-டாக்கியில். “உன் பிரேக்கைப் போட்டுக்கோ.”

சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் மணல் கொட்டுகிற குழாய் ஈரத்தில் அடைத்துக்கொண்டது. மாப்பிள்ளை கீழே இறங்கி, வாளியில் மணலை எடுத்துக் கையாலேயே தண்டவாளத்தில் தூவிக்கொண்டு முன்னால் நடந்தான். மறுபடி இழுத்தார்கள். நாலு முழம் நகர்ந்து நின்றது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மிக்குப் பின்னால் இத்தனை வேகன் கல்லைக் கட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு தடவையும் முயன்றார்கள். பிறகு, என்ன செய்வது என்று கன்ட்ரோல் ஆபீஸைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் என் கையிலிருந்த வாக்கி-டாக்கி தானாகக் கரகரத்தது. ஆமைக்கு அந்தக் கருவியைத் தொடைக்கடியில் செருகிக்கொள்கிற பழக்கம். பேசுகிற பொத்தான் அமுங்கிக்கொண்டால் எஞ்சினில் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். நான் எவ்வளவு கத்தினாலும் அவருக்குக் கேட்காது. முன்பொரு முறை அவர் பாடிய பாட்டையெல்லாம் அப்படிக் கேட்டுத் தொலைத்திருக்கிறேன்.

“கையைத் தொடைச்சுக்குங்க மாப்பிள்ளை. இந்தாங்க துண்டு.”

“இருக்கட்டும் மாமா.”

“அவ உங்க நெனப்பாவே இருக்கா. உங்களுக்குத் தெரியாததா?”

நான் கருவியை அணைக்கப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கட்டும் சித்தப்பா. எனக்காகத்தானே பேசறாரு” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஆமை எஞ்சினை ஓட்டுகிறபோது சக்கரம் லேசாக வழுக்கினாலே விசையைக் குறைத்துவிடுவார். வழுக்கும்போது அழுத்தினால் இன்னும்தான் வழுக்கும். அது அவருக்குக் கைவந்த வித்தை. மாப்பிள்ளையிடம் அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. மகளின் சமையலைப் புகழ்ந்தார், பொறுமையைப் புகழ்ந்தார். அவன் ‘ம்’ என்றான். ஊர் என்ன பேசும் என்றார். அதற்கும் ‘ம்’. பெண் பாவம் பொல்லாதது என்றார். அவன் பேசாமல் இருந்தான். உடனே குரல் உடைந்து, நான் ஏதாவது தப்பாகப் பேசியிருந்தால் மன்னிச்சிருங்க என்றார். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். இவர் ஒரே மூச்சில் ஆடவும் செய்தார், பாடவும் செய்தார்.

கடைசியில் அவன் வாயைத் திறந்தான். குரலில் கோபமே இல்லை. இருந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

“மாமா, அவ மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. கோபம் இருந்தா பேசித் தீத்துக்கலாம். அவ உங்க வீட்டுக்கு வந்தப்புறம், டியூட்டி முடிஞ்சு கதவைத் தொறக்கும்போது உள்ள யாரும் இல்லைன்னு நெனச்சா எனக்கு அவ்வளவு நிம்மதியா இருக்கு. இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் பாக்கலாம் பாக்கலாம்னு தள்ளிட்டே இருந்தேன். என்னை விட்ருங்க மாமா.”

அவள் என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

“உங்க கால்ல விழறேன் மாப்பிள்ளை” என்றது ஆமையின் குரல். அதோடு கருவி கிளிக்கென்று ஓய்ந்துவிட்டது. அவர் இருக்கையை விட்டு எழுந்தால்தான் அந்தப் பொத்தான் விடுபடும். எதற்காக எழுந்தார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

கன்ட்ரோலிலிருந்து உத்தரவு வந்தது. உதவிக்கு வேறு எஞ்சின் இப்போதைக்கு இல்லை. லோடை இரண்டாகப் பிரித்து முன்பாதியை மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, திரும்பி வந்து பின்பாதியை இழுத்துப் போக வேண்டும். மாப்பிள்ளை நடுவில், வேகன்களைப் பிணைக்கிற கப்ளிங்கைக் கழற்றினான். நான் என் பங்குக்குப் பின்பாதி வேகன்களின் கை பிரேக்கை ஒவ்வொன்றாகத் திருகிவிட்டு வந்தேன். வளைவுக்குப் பின்னால் முன்பாதி ஏறிப்போகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

நான் திரும்பி வந்தபோது அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

“லைனோரமா நடந்தா கீழ் ஸ்டேஷன் வந்துடுமில்ல சித்தப்பா?”

“வந்துடும். சாயங்காலம் பாசஞ்சர் இருக்கு. பாத்துப் போம்மா, கல்லு வழுக்கும்.”

அவளைத் தடுக்க எனக்குத் தோன்றவில்லை. போகட்டும், மானமாவது மிஞ்சும் என்றுதான் இருந்தது. என் குடையை எடுத்துக் கொடுத்தேன். ஆனால் படியில் உட்கார்ந்தவள் உடனே கிளம்பவில்லை. அழவும் இல்லை, கீழே போகிற தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுநேரம் கழித்து எழுந்து, ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்தபோது, எஞ்சின் திரும்பி வந்து பின்பாதியின் தலையில் இடித்து நின்றது. அந்த அதிர்வு எங்கள் பெட்டி வரைக்கும் வந்தது.

“டேய்” என்றது வாக்கி-டாக்கி. ஆமைதான். ரகசியம் பேசுகிற குரல். “மாப்பிள்ளை கீழ கப்ளிங் மாட்டிட்டு இருக்காரு, அதான் இப்பவே சொல்லிடறேன். புள்ளை முழிச்சிருக்காளா?”

“முழிச்சுத்தான் இருக்கா.”

“அவகிட்ட சொல்லு. மாப்பிள்ளை மனசு எறங்கிட்டாரு. மொதல்ல கொஞ்சம் முறுக்கினாரு, அப்புறம் அவரே சொன்னாரு, அவ வந்தா நல்லாத்தான் இருக்கும்னு. நேர்ல பாத்தா எல்லாம் சரியாயிடும். தைரியமா வரச் சொல்லு.”

அண்ணே, நாங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டோம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் கருவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“கேட்டுச்சுப்பா” என்றாள். “ரொம்ப சந்தோஷம்ப்பா.”

“நான்தான் சொன்னேனேம்மா. முகத்தைக் கழுவிக்கிட்டு நல்லா சிரிச்ச முகமா எறங்கி வா.”

“சரிப்பா.”

கருவியை என்னிடம் நீட்டினாள். படியில் வைத்த காலை மேலே எடுத்து உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

“எதுக்கும்மா?” என்றேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது. “எல்லாத்தையும் கேட்டுட்டு அங்க போய் எதுக்கு நிக்கணும்? நான் அண்ணன்கிட்ட சொல்லிடறேன்.”

“வேணாம் சித்தப்பா. அவரு கால்ல விழுந்தது எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அப்பா உசுரை விட்ருவாரு. மேல நான் எறங்கலேன்னாலும், நாம கேட்டுட்டோம்னு அவருக்குப் புரிஞ்சிடும். வீட்டுக்காரரு என்னை வேணாம்னு சொன்னா சொல்லட்டும், நேர்ல நின்னு கேட்டுக்கறேன்.”

பிறகு தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, கதவோரமாகக் குனிந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். துடைத்துக்கொண்டு, சரியாக இருக்கிறதா என்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டிவிட்டுக் கை பிரேக்குகளைத் தளர்த்த இறங்கினேன்.

திரும்பி வந்து பச்சைக் கொடியைக் காட்டினேன். எஞ்சின் உறுமியது. இத்தனை வருஷ வேலையில் சக்கரம் வழுக்கக் கூடாது என்று எத்தனையோ முறை வேண்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, வழுக்கட்டும், இங்கேயே நிற்கட்டும், ராத்திரி வரைக்கும் நிற்கட்டும் என்று வேண்டினேன். தூறல்கூட நின்றபாடில்லை. ஆனால் இப்போது இருந்தது பாதி லோடுதான். ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வண்டி ஏறத் தொடங்கியது.