மூன்றாம் முறை கேட்காத ரோண்டா

கார்ஸ்டன் ஆவ்னேயும் அவன் மனைவி பிரிட்டாவும் அமெரிக்காவின் டுலூத் நகரில், சகலை லைலின் வீட்டு அடித்தளத்தில், துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் குடியிருந்தார்கள். மேலே லைல் ஓயாமல் அக்கார்டியன் என்ற துருத்தி வாத்தியம் பழகினான். பிரிட்டாவுக்கு இது ஒன்பதாவது மாதம். அக்கார்டியன் கேட்டால் வயிற்றுப் பிள்ளை உதைத்தது.

"தாளம் போடுது கார்ஸ்டன். இன்னும் பத்து நாள் இங்க இருந்தா இதுவும் லைல் மாதிரி ஆயிடும்" என்று பிரிட்டா அழுதாள்.

தப்பிக்க வழி ஒன்றுதான் இருந்தது. ஏரியைப் பார்த்த சின்ன மஞ்சள் வீடு. விலையும் இவர்கள் கைக்கு அடங்கியது. அதை விற்கும் ஆர்வல் டாலஃப்சன் என்ற கிழவர் வாசலில் பலகை நட்டிருந்தார்: "ஏஜென்ட்டோடு வருபவர்கள் வந்த வழியே திரும்பலாம்." சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

இவர்களுக்கோ ரோண்டா பாசரெல்லி என்ற ஏஜென்ட்டோடு ஒப்பந்தம் இருந்தது. வசந்தம் வரை எந்த வீடு வாங்கினாலும் அவள் மூலமாகத்தான் வாங்க வேண்டும். பிடிக்காத வீட்டையெல்லாம் இவர்கள் மரியாதைக்காக "மோசமில்லை" என்பார்கள். அவளும் மகிழ்ந்துபோய் அதே மாதிரி இன்னும் நாலு வீடு காட்டுவாள்.

சனிக்கிழமைக்குள் அவளை விலக்கியாக வேண்டும். கார்ஸ்டன் அவள் அலுவலகத்துக்குப் போனான். வானிலையைப் பற்றிப் பேசினான். ஏரியில் பனி உறைவதைப் பற்றிப் பேசினான். மறுபடி வானிலைக்கு வந்தான்.

ரோண்டாவே கேட்டுவிட்டாள். "என்ன கண்ணு, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? என்னை விட்டுடணும்னு தோணுதா? சொல்லு, இப்பவே முடிச்சுடறேன்."

கார்ஸ்டனுக்கு மனம் துள்ளியது. ஆனால் டுலூத்தில் யார் எதைக் கொடுத்தாலும் உடனே வாங்கிவிடக் கூடாது. இரண்டு தடவை மறுத்துவிட்டு, மூன்றாம் தடவை, "சரி, உங்களுக்காக" என்று வாங்கிக்கொள்ள வேண்டும். கேக் துண்டானாலும் இதுதான் முறை, சிறுநீரகமானாலும் இதுதான் முறை.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க" என்றான்.

"நிஜமாவா? எனக்கு வருத்தமே இல்ல."

"சேச்சே, வேண்டாம்."

மூன்றாவது கேள்விக்காக முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தான். ரோண்டாவின் கண் கலங்கியது. நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவள் அவள். அந்த ஊரில் ஒரு "வேண்டாம்" சொன்னாலே பேச்சு முடிந்தது, இரண்டாவது அதிகப்படி.

"இப்படி ஒரு விசுவாசத்தை நான் பாத்ததே இல்ல" என்று மூக்கைச் சிந்தினாள். கார்ஸ்டன் வெளியே வந்தபோது ஒப்பந்தம் இலையுதிர் காலம் வரை நீண்டிருந்தது. அவன்தான் கையெழுத்துப் போட்டிருந்தான்.

"உன்னைப் போய் அனுப்பினேன் பாரு" என்று பிரிட்டா தானே கிளம்பினாள். சாயங்காலம் திரும்பி வந்து, கோட்டைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"முடிச்சியா?"

"என்னைப் பிடிக்கலையான்னு கேட்டா. நீங்க எங்க குடும்பம் மாதிரின்னு சொல்லிட்டேன்."

"சரி, அதனால?"

"பிள்ளைக்கு ரோண்டாதான் ஞானத்தாய்."

மேலே அக்கார்டியன் தொடங்கியது. பிள்ளை உதைத்தது. கார்ஸ்டன் எழுந்தான்.

வெள்ளிக்கிழமை காரின் முன்கண்ணாடியைப் பார்த்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தான். நடுத்தெருவில் சட்டையைக் கழற்றுவது போல இருந்தது. ரோண்டாவின் அலுவலகத்துக்குள் போய், காது சிவக்க, வானிலை பேசாமல் நின்றான்.

"ரோண்டா, ஒப்பந்தத்தை முடிச்சுக்கறோம். இன்னிக்கே."

"சரி" என்றாள் ரோண்டா. எழுதினாள், கையெழுத்திட்டாள், நீட்டினாள்.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன, புரண்டு அழணுமா? முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாமே, மரமண்டை! ஞானஸ்நானத்துக்கு மட்டும் நான் வருவேன், அது வேற கணக்கு."

கார்ஸ்டனுக்குப் போதை ஏறியது போல ஆகிவிட்டது. மனதில் இருப்பதைச் சொன்னால் காரியம் நடக்கிறது! வழியில் பெட்ரோல் பங்கில் ஒருவர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க, முதுகுவலியை விவரமாகச் சொன்னான். அவர் பெட்ரோல் போடாமலே போய்விட்டார்.

சனிக்கிழமை டாலஃப்சன் வீட்டைச் சுற்றிக் காட்டி, காபி ஊற்றி, தொண்டையைக் கனைத்தார்.

"அப்ப, வீட்டை எடுத்துக்கறீங்களா?"

"எடுத்துக்கறோம்" என்றான் கார்ஸ்டன்.

கிழவர் கோப்பையைக் கீழே வைத்தார். "தம்பிக்கு எந்த ஊரு?"

பிரிட்டா மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள். "விளையாட்டுக்குச் சொல்றாரு. இவ்வளவு நல்ல வீடு எங்களுக்கு எதுக்குங்க? வேண்டாம்."

கிழவர் முகம் தெளிந்தது. மீன்பிடிப்பைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். "இருந்தாலும் எடுத்துக்கலாமே?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்லும்போதே பிரிட்டாவின் கை மேஜை விளிம்பை இறுகப் பிடித்தது. நெற்றி வியர்த்தது. கார்ஸ்டன் பதறி எழப் போனான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "உக்காரு. இன்னும் ஒண்ணு பாக்கி" என்று முணுமுணுத்தாள்.

கிழவர் மீனிலிருந்து கொசுவுக்குப் போனார். கொசுவிலிருந்து தன் பழைய படகுக்குப் போனார். படகை ஒருவழியாகக் கரை சேர்த்துவிட்டு, "சின்னஞ்சிறுசுங்க இருக்க வேண்டிய வீடு. எடுத்துக்கங்களேன்" என்றார்.

"சரி, உங்களுக்காக" என்று பிரிட்டா கையை நீட்டினாள். கிழவர் பிடித்துக் குலுக்கினார். அவள் விடவில்லை. அவர் விரல்கள் வெளுத்தன.

"என்னம்மா, வலியா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

கார்ஸ்டன் பழக்கத்தில் வாயைத் திறந்தான். "வேண்டாங்க, உங்களுக்கு எதுக்கு..."

"ஆமா!" என்று வீடு அதிரக் கத்தினாள் பிரிட்டா. "இப்பவே! ஓடுங்க!"

டாலஃப்சன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, செருப்பில்லாமல் பனியில் ஓடினார்.