வியாழக்கிழமை ஜாய்ரைடு

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். கூடத்தில் புருஷன் மாலையோடு பிணமாகக் கிடந்தான். நேற்று முதலாளி வீட்டு ஷெட்டில் காரைக் கொண்டுவந்து நிறுத்தியவன் இறங்கவே இல்லை.

சாவிக்காக வந்திருந்த முதலாளியின் மேனேஜர், டிரைவர் எழுதிவைக்கும் கார் நோட்டைப் புரட்டினார்.

"முதலாளி ஊர்ல இல்லம்மா. வாரம் ஒரு தடவை எடுத்து ஓட்டுப்பா, இல்லன்னா பேட்டரி செத்துரும்னேன்." நாக்கைக் கடித்துக்கொண்டார். "எங்க போனேன்னு எழுதச் சொன்னா, இதப் பாருங்க."

ஆறு வியாழக்கிழமை. ஆறு வரியிலும் அவனுடைய கோழிக் கிறுக்கலில் ஒரே சொல்: ஜாய்ரைடு.

"அப்படின்னா?"

"முதலாளி சொல்ற வார்த்தை. வேலைவெட்டி இல்லாம, சும்மா சந்தோஷத்துக்குக் கார்ல சுத்துறது."

"எங்கண்ணனா? சிரிக்கவே கூலி கேக்குற ஆளு" என்றாள் நாத்தனார், மூக்கைத் துடைத்தபடி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தனியா யாரும் அப்படிச் சுத்த மாட்டாங்க அண்ணி."

அவளுக்கும் அதுதான் உறுத்தியது. பதினெட்டு வருஷத்தில் தெருமுனை வரைகூட அவளைக் காரில் ஏற்றியதில்லை. முதலாளி வண்டி என்பான். எவளை ஏற்றினான்?

பிளாஸ்டிக் பைக்குள் இருந்த அவன் சட்டையின் பாக்கெட்டைத் துழாவினாள். சாவி வந்தது. கூடவே, ரப்பர் பேண்ட் போட்ட ஆறு பார்க்கிங் சீட்டு. தியேட்டரா, லாட்ஜா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்துக்கு எதிரே உள்ள பார்க்கிங். மூன்று மணியிலிருந்து நான்கு வரை. ஆறிலும்.

மூன்றரைக்கு அவளுக்கு ஷிஃப்ட் முடியும். வியாழக்கிழமை அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. சூப்பர்வைசர் தன் ஸ்கூட்டரில் பெரிய ஸ்டாப் வரை கொண்டுவிடுவார். அவ்வளவுதான். வீட்டில் சொல்லும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. கொஞ்ச நாளாக வியாழக்கிழமை சாப்பிடும்போது, "பஸ் கிடைச்சுதா?" என்று கேட்பான். "கிடைச்சுது" என்பாள். அவன் சோற்றைப் பிசைவான்.

"என்ன சீட்டு அண்ணி?"

"ஒண்ணுமில்ல." உள்ளங்கையில் மடக்கிக்கொண்டு சாவியை மட்டும் நீட்டினாள்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. சூப்பர்வைசர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "நாங்கல்லாம் இருக்கோம்மா" என்றார்.

அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே, தெருவின் எதிர்ப்பக்கம், ஒரு கார் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.