முதுகுவலி ஊசி

திரையில் ஒரு கண் பெரிதாகத் தெரிந்தது. நடுவில் பாவை குண்டூசி முனையளவுக்குச் சுருங்கியிருந்தது.

"இது என்ன?" என்று கேட்டாள், சென்னையிலிருந்து பயிற்சி கொடுக்க வந்திருந்த டாக்டர் பத்மப்ரியா.

"பூச்சிமருந்து!"

அறை முழுக்க ஒரே குரல். பின்வரிசையில் பஃப்ஸ் தின்றுகொண்டிருந்த இளம் டாக்டர்கூட வாயில் இருந்ததை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். காலையிலிருந்து பேசியதெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

அவர்கள்மேல் முழுக்கக் கோபப்படவும் அவளால் முடியவில்லை. வாழையும் பருத்தியும் விளைகிற மாவட்டம். அவசரப் பிரிவில் வேலை பழகியவர்கள் எல்லோரும் பூச்சிமருந்து குடித்தவர்களைப் பார்த்தே பழகியவர்கள். பாவை சுருங்கியிருந்தால் கை தானாக அதன் முறிமருந்தான அட்ரோபின் ஊசிக்குப் போகும். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய கைதான் அது. அதனாலேயே அதைத் தடுப்பது கடினமாக இருந்தது.

"போதை தர்ற வலி மாத்திரைய அளவுக்கு மேல எடுத்தாலும் கண்ணு இப்படித்தான் இருக்கும்," என்றாள் மறுபடியும். "பூச்சிமருந்துன்னா வாயில நுரை, உடம்பெல்லாம் வேர்வை, ஆளே நனைஞ்சு கிடப்பான். மாத்திரைன்னா காய்ஞ்சு கிடப்பான். மூச்சு மட்டும் குறைஞ்சுகிட்டே போகும்."

முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த லிங்கராஜ் தொண்டையைச் செருமினார். பயிற்சி நடந்துகொண்டிருந்த, துறைமுகச் சாலையில் இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரி அவருடையது.

"மேடம், நீங்க சொல்லுதது சென்னைக்குச் சரி. இங்கன வாரவன் ஒண்ணு சாராயம் குடிச்சிட்டு வாரான், இல்லாட்டி பொண்டாட்டிகிட்ட கோவிச்சுக்கிட்டு பூச்சிமருந்தக் குடிச்சிட்டு வாரான். மூணாவதா ஒருத்தன நா பாத்ததே இல்ல."

"பாத்திருப்பீங்க சார். வேற பேரு எழுதியிருப்பீங்க."

யாரோ சிரிக்க ஆரம்பித்து, லிங்கராஜின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அப்போது நர்ஸ் ஆனி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"சார், கீழ ஒரு கேஸு. பேச்சுமூச்சில்ல."

கட்டிலில் கிடந்தவன் பெயர் ரெக்சன். கப்பலில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கும் வேலை. அவன் மனைவி விஜிலாவும் அவள் அண்ணன் செபாஸ்டினும் ஆட்டோவில் தூக்கி வந்திருந்தார்கள். லிங்கராஜ் இமையை விலக்கி டார்ச் அடித்தார். குண்டூசி முனை.

"பூச்சிமருந்துதான். ஆனி, அட்ரோபின். வயித்தக் கழுவ டியூப் எடு." பிறகு விஜிலா பக்கம் திரும்பினார். "வீட்டுல என்னளா சண்ட?"

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல சார். தூங்குதாவன்னுதான் நெனச்சேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவீய."

பத்மப்ரியாவுக்குக் காது கொதித்தது. மாடிப்படி இறங்கி வருவதற்குள் மறந்துவிட முடியுமா? அவள் குறுக்கே புகுந்து ரெக்சனின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். வறண்டிருந்தது. நெற்றியில் துளி வேர்வை இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சு எழும்புவதே அபூர்வமாக இருந்தது.

"சார், டியூபக் கீழ வைங்க. இந்த நிலைமையில கழுவினா எல்லாம் நுரையீரலுக்குப் போயிரும். ஆனி, முதல்ல மூச்சு குடுக்கிற பை. நலாக்சோன் எங்க இருக்கு?"

போதை மருந்தை முறிக்கும் அந்த ஊசியை ஆபரேஷன் தியேட்டர் அலமாரியிலிருந்து தேடி எடுத்து வந்தார்கள். அதுவரை அவளே பையை அமுக்கினாள். ஊசி போட்டதும் நெஞ்சு தானாக ஏறி இறங்கத் தொடங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது. ஆனால் அவன் எழும்பவில்லை.

"பாத்தீயளா, ஒங்க மருந்து கேக்கல," என்றார் லிங்கராஜ். குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

"கேட்டிருக்கு சார், மூச்சப் பாருங்க. அவர் எழும்பணும்னு அவசியமில்ல, மூச்சு விட்டா போதும். மாத்திரையில தூக்கத்துக்கான வேறெதையோ கலந்திருக்காங்க. அத இந்த ஊசி தொடாது. இதோட வேகம் குறைஞ்சா மறுபடி மூச்சு நிக்கலாம். யாராவது பக்கத்துலயே இருக்கணும்." அவள் செபாஸ்டினைப் பார்த்தாள். "என்ன சாப்பிட்டாரு?"

செபாஸ்டின் தரையைப் பார்த்தான். "எனக்குத் தெரியாது."

விஜிலாவும் தெரியாது என்றாள். பத்மப்ரியா மறுபடி கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில் செபாஸ்டினால் தாங்க முடியவில்லை.

"வெளிய தெரிஞ்சா ஹார்பர் பாஸ புடுங்கிருவாவ மேடம். பொறவு கேட்டுக்குள்ளயே விடமாட்டாவ." குரலைத் தாழ்த்தினான். "மாத்திரதான். அட்டையில்லாம தாள்ல மடிச்சு விக்கான் ஒருத்தன். முதுகு வலிக்குத்தான் தின்னான்."

"இந்த மாதிரி மருந்த முதல்ல யாரு குடுத்தா?"

செபாஸ்டின் லிங்கராஜைப் பார்த்தான். "இங்கனதான். சார்தான் ஊசி போட்டாவ. நல்லா கேட்டுச்சு. ஒவ்வொரு கப்பலு முடிஞ்சும் வந்து போட்டுக்கிடுவான். அது பத்தாமத்தான் பொறவு மாத்திரைக்குப் போனான். நாங்க எல்லாருமே போட்டிருக்கோம்."

பயிற்சிக்கு வந்த டாக்டர்கள் வாசலில் கூட்டமாக நின்றிருந்தார்கள். கத்த வேண்டும்போல இருந்தது பத்மப்ரியாவுக்கு. யாரைப் பார்த்துக் கத்துவது? லிங்கராஜ் கெட்டவர் இல்லை. வலி என்று வந்தவனுக்கு வலியைப் போக்கி அனுப்பியவர். போனவன் பிறகு என்ன ஆனான் என்று பார்க்காதவர். அந்தக் கூட்டத்தில் அப்படிப் பார்த்தவர் எவர்?

சாயங்காலம் ரெக்சன் கண்ணைத் திறந்தான். மாத்திரை இல்லாமல் மூக்கு ஒழுகியது, கால்கள் நடுங்கின.

"சிஸ்டர், முதுகு போட்டு உடைக்கி. அந்த ஊசிய ஒண்ணு போடுங்களேன்."

ஆனியின் கை ஊசித் தட்டுக்குப் போய், பாதியில் நின்றது.

லிங்கராஜ் கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்தார். "ஏலே, எம்புட்டு நாளாலே இதத் திங்க?"

கேள்வி சரியானது. குரல் போலீஸ்காரனுடையது. ரெக்சன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். லிங்கராஜ் திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

பத்மப்ரியா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே அவன் கேட்டான்.

"பாஸ் போயிருமா மேடம்?"

"எனக்குத் தெரியாது. இது நோய். இதுக்கு வைத்தியம் இருக்கு, இன்னிக்கே ஆரம்பிக்கலாம். பாஸ் விஷயம் மட்டும் தெரியாது."

"அப்ப நா எதுக்குச் சொல்லணும்?"

"நீங்க சொல்லாண்டாம்," என்றாள் கால்மாட்டில் நின்ற விஜிலா. "நா சொல்லுதேன்."

"சும்மா கெடளா."

"போன தவக்காலத்துல இவுக இறைச்சிய விட்டாவ மேடம். குடியையும் விட்டாவ, ஈஸ்டர் வரைக்கும் ஒரு சொட்டு தொடல. மாத்திரைய மட்டும் விட முடியல. பெரிய வெள்ளிக்கிழம சிலுவப்பாதைக்குக் கெளம்பி நிக்காவ, வேட்டி கட்ட முடியல, கை அப்படி நடுங்குது. பின்கட்டுல போயி தின்னுட்டு வந்தாவ. நா பாத்தேன். பாக்காத மாதிரி இருந்துட்டேன்."

ரெக்சன் திரும்பவில்லை. அவன் முதுகு மட்டும் குலுங்கியது. திரைச்சீலைக்குக் கீழே லிங்கராஜின் செருப்புகள் தெரிந்தன. அவர் போகவுமில்லை, உள்ளே வரவுமில்லை.

"மேல சொல்லுங்க," என்றாள் பத்மப்ரியா.