எக்ஸ்ரே படாத படச்சுருள்

இஸ்தான்புல் போய்வந்த வழியெல்லாம் 'ஒளிக்கலைஞர்' ஹுதைபா தன் படச்சுருளை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போட விடவில்லை. விமான நிலைய அதிகாரிகளுக்குக் கலையைப் பற்றிப் பிரசங்கம் செய்து, கையாலேயே சோதிக்க வைத்தார். அந்த வெற்றியை வீடியோவாகவும் போட்டார். கண்டியில் பார்க்காதவர் குறைவு.

வெள்ளிக்கிழமை கண்காட்சி. பிரதம அதிதி ஒரு மந்திரி. படம் மட்டும் இன்னும் கழுவப்படவில்லை.

மனைவியின் தம்பி ஸப்ரான் குளியலறையை இருட்டாக்கிக் கழுவிக்கொண்டிருந்தான். கதவுக்கு வெளியே ஹுதைபா காத்து நின்றார். கதவு திறந்தது. சுருளை வெளிச்சத்தில் பிடித்தார்கள். ஒரு படம்கூட இல்லை. முழுவதும் கண்ணாடிபோல வெறுமை.

"எக்ஸ்ரேதான் அழிச்சீக்கி," என்றார் ஹுதைபா.

"எக்ஸ்ரே பட்டா கறுப்படிக்கும் மச்சான். கம்பனி போட்ட ஓரத்து இலக்கமெல்லாம் வடிவா வந்தீக்கி, கழுவினதுல பிழையில்ல. லென்ஸ் மூடியக் கழட்டினீங்களா?"

அந்தப் பழைய கமராவில் பார்க்கும் துளை லென்ஸுக்கு வெளியே தனியாக இருப்பதால், மூடியோடு பார்த்தாலும் காட்சி தெரியும்.

"எக்ஸ்ரேன்டே சொல்லுவோம்," என்றார் ஹுதைபா.

"ஒங்கட வீடியோவ மந்திரியே ஷேர் பண்ணீக்கிறாரு."

ஹுதைபா சுருளைப் பார்த்தார். பிறகு ஸப்ரானின் ஈரக் கைகளை நிதானமாகப் பார்த்தார்.

"கழுவினது நீங்கதானே?"